நிசேக்கோ: ஒரு ஆப் 70 செ.மீ. பனி என்கிறது, இன்னொன்று 28 என்கிறது. எதை நம்புவது?

பிறைக்கரை – செவ்வாய், இரவு 9:42

வணக்கம். குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் பினாங்கு, செபராங் ஜெயா. வீட்டுக்காரர், நான், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். அடுத்த புதன் ராத்திரி கோலாலம்பூரிலிருந்து விமானம். வியாழன் காலை நியூ சித்தோசே விமான நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து நேராக நிசேக்கோ, அங்கத்து ஸ்கீ ஊர். ஐந்து இரவும் அங்கேயேதான். திரும்பும் செவ்வாய் விடிகாலை 4 மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், காலை 10 மணிக்கு விமானம். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஸ்கீ வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

இப்போது பிரச்சினை இதுதான். கைப்பேசியில் இரண்டு ஆப் வைத்திருக்கிறேன். வியாழன் முதல் ஞாயிறு வரை ஒன்றில் 70 செ.மீ. பனி என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 28. அந்த 70 காட்டும் ஆப் நேற்று 18 என்று காட்டியது! புயல் வருகிறதா, இல்லை வெறும் தூறல் பனியா, ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர், "பேசாமல் ஃபுரானோவுக்கு மாற்றிவிடு, அங்கே புயல் குறைவாம்" என்கிறார். அதுவும் ஹொக்கைடோவில் ஒரு ஸ்கீ ஊர்தான். தங்குமிடத்தை வெள்ளிக்கிழமைக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

எனக்கு வானிலை அறிக்கை என்றாலே ஒரு பயம். 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி பினாங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படுக்கும்போது மழை, எழுந்தபோது வீட்டுக்குள் தண்ணீர். அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

செந்தூல்காரன் – செவ்வாய், இரவு 10:15

பனி பார்க்க அவ்வளவு தூரமா? கெந்திங் மலை ஏறினால் மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம். வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களில் ஐரோப்பிய மாடலை மட்டும் நம்புங்கள், அமெரிக்க மாடல் குப்பை. அவ்வளவுதான் விஷயம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பயணி – செவ்வாய், இரவு 11:58

அக்கா, குளிர்காலத்தில் நம் ஆட்களை ஹொக்கைடோவுக்குக் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை ராத்திரி தூங்கும்முன் வானிலைப் படம் பார்ப்பதும் அதில் சேர்த்தி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டு எண்கள். இரண்டு ஆப்பும் சண்டை போடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணினி மாடல் முதலில் கணக்கிடுவது நீரைத்தான், இத்தனை மி.மீ. என்று. அதைப் பனி உயரமாக மாற்றுவது பெரும்பாலும் ஆப்பின் வேலை. பழைய வாய்ப்பாடு பத்துக்கு ஒன்று: 1 மி.மீ. நீர், 1 செ.மீ. பனி. ஹொக்கைடோவின் குளிரில் விழும் பனி அதைவிட லேசானது. அங்கே 15, 18, சில நாள் 20 மடங்குகூடப் போகும். ஒரே படி அரிசியைச் சோறாக்கினால் ஒரு அளவு, பொரியாக்கினால் வேறு அளவு இல்லையா? 28 மி.மீ. நீரைப் பத்தால் பெருக்கினால் 28 செ.மீ. பதினெட்டால் பெருக்கினால் 50 செ.மீ. அப்புறம், மேலே ஏற ஏற விழும் நீரும் கூடும். ஒரு ஆப் அடிவாரத்துக்குக் கணக்கு சொல்கிறது, மற்றது மலையுச்சிக்குச் சொல்கிறது என்றால் 70 வருவதில் அதிசயமே இல்லை. ஆப்பைத் திறந்து எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை மீட்டர் உயரம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், பாருங்கள்.

நேற்று 18, இன்று 70 என்று குதித்ததற்குக் காரணம் வேறு. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் எந்த மாடலுக்கும் ஒரு மலைக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும் திறமை கிடையாது. ஐரோப்பிய வானிலை மையம் ஒரே கணக்கைத் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது தடவை ஓட்டுகிறது. ஒன்பதாம் நாளில் அந்த ஐம்பதும் ஐம்பது திசையில் போயிருக்கும். ஆப் அதில் ஒரே ஒரு கோட்டை எடுத்து உங்கள் கையில் எண்ணாகக் கொடுத்துவிடுகிறது.

செந்தூல்காரர் சொன்னதில் பாதி சரி. பொதுவாக ஐரோப்பிய மாடல் கொஞ்சம் முந்தி நிற்கும். ஆனால் மாடல்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும். ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டமே ஒன்பது கிலோமீட்டர், அமெரிக்க மாடலுக்குப் பதின்மூன்று. நிசேக்கோ அன்னுபுரி 1,308 மீட்டர். எதிரே யோத்தே எரிமலை 1,898 மீட்டர், ஊசிபோல் நிற்கும். மாடலின் கண்ணில் இரண்டும் தேய்ந்து மேடாகிவிடும். ஜப்பான் வானிலை ஆய்வு நிலையத்தின் ஐந்து கிலோமீட்டர் மாடல் இந்த மலைகளை ஓரளவு கண்டுகொள்ளும், ஆனால் அது மூன்று நாளைக்குக் கொஞ்சம் மேல்வரைதான் எட்டும். ஆகவே வெள்ளிக்கிழமை உங்கள் முடிவுக்கு அது உதவாது.

அப்படியானால் நான் எதைப் பார்க்கிறேன்? எண்ணைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறேன். நிசேக்கோவின் பனி கடலிலிருந்து வருகிறது. சைபீரியாவில் தேங்கும் கடுங்குளிர் காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் ஓடுகிறது. குளிர்காற்று அந்த நீர்மேல் வரும்போது அடியில் சூடேறி, ஈரத்தை உறிஞ்சி, மேகமாகத் திரண்டு, முதலில் எதிர்ப்படும் மலையில் கொட்டிவிடுகிறது. ஆகவே மேற்குப் பக்கம் உயர் அழுத்தம், கிழக்குப் பக்கம் தாழ்வழுத்தம், நடுவில் சம அழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை) வடக்கு தெற்காக நெருக்கி நிற்க வேண்டும். அந்தப் படம் தெரிந்தால் போதும், ஆப் 10 என்று சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

விண்டி என்ற வானிலை ஆப்பில் 850 ஹெக்டோபாஸ்கல் என்று ஒரு காற்றழுத்தத் தட்டு உண்டு, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே இருந்தால் தரையில் பனியாக விழும் என்பது ஜப்பானில் எல்லாரும் பிடிக்கும் கணக்கு. நல்ல உலர்ந்த பனிக்கு நான் மைனஸ் 12ஐ ஒட்டி எதிர்பார்ப்பேன். காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரவேண்டும்.

இன்னொன்று, பார்க்கவே அழகாக இருக்கும்: ஹிமாவாரி செயற்கைக்கோள் படம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வரும், காசு இல்லை. குளிர்காற்று இறங்கும் நாளில் ஜப்பான் கடல்மேல் சீப்பு வாரியதுபோல் வெள்ளைக் கோடுகள் தெரியும். விளாடிவோஸ்டாக் கரைக்கும் அந்தக் கோடுகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே மேகமில்லாத ஓர் இடைவெளி இருக்கும். அது எவ்வளவு குறுகலோ அவ்வளவு கடுமையான குளிர். இதை எந்த ஆப்பும் எண்ணாகச் சொல்லாது. புறப்படுகிற அன்று வேண்டுமானால் பாருங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கற்றுக்கொள்ளப்போவது அடிவாரச் சரிவில். இந்த மாதத்தில் அங்கே தரையில் ஒரு மீட்டருக்கு மேல் பனி ஏற்கெனவே கிடக்கும். புதிதாக 28 விழுந்தால் என்ன, 70 விழுந்தால் என்ன? அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காற்று அடித்தால் முதலில் நிறுத்துவது மேலே போகும் லிஃப்ட்டுகளைத்தான், கீழே இருப்பவை பெரும்பாலும் ஓடும். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த விடிகாலை 4 மணி வேன். நேரமாகிவிட்டது, அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஓய்வு ஆசிரியர், ஜின்ஜாங் – புதன், காலை 7:20

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். புவியியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

அதே சைபீரிய உயர் அழுத்தம்தான் நமக்கு வடகிழக்குப் பருவக்காற்றையும் அனுப்புகிறது. ஹொக்கைடோவில் ஜப்பான் கடல் செய்யும் வேலையை நமக்குத் தென்சீனக் கடல் செய்கிறது. காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை வாங்கி, கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டுகிறது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிப் பினாங்கு வருவதற்குள் மிச்சம் அதிகமில்லை. ஜனவரியில் உங்கள் ஊரில் வெயிலும் காற்றுமாக இருப்பது அதனால்தான். ஃபுரானோவும் அப்படித்தான், கடலிலிருந்து தள்ளி, மலைகளுக்குப் பின்னால், ஹொக்கைடோவின் நடுவில் இருக்கிறது. குளிர் அதிகம், பனி நிசேக்கோவைவிடக் குறைவு, ஆனால் அங்கேயும் பனிக்குப் பஞ்சமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பயணி – புதன், மதியம் 1:05

ஐயா சொல்வது அத்தனையும் உண்மை. ஒரு எச்சரிக்கை மட்டும்: கிளந்தானின் கோத்தா பாருவில் மழை பிடித்தால் நிசேக்கோவில் பனி கொட்டும் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். அந்த உயர் அழுத்தம் சீனாவுக்குள் தெற்கே சரிந்தால் நமக்கு மழை வரும். ஹொக்கைடோவுக்குப் பனி வேண்டுமானால் கிழக்கே, குரில் தீவுகள் பக்கம் ஒரு தாழ்வழுத்தம் நின்று இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

இப்போது வேன். அக்கா, நிசேக்கோவிலும் விமான நிலையத்திலும் ஒரே வானிலை இருக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிசேக்கோ ஜப்பான் கடல் பக்கம். நியூ சித்தோசே பசிபிக் பக்கத்துச் சமவெளி. வடமேற்குக் காற்றில் நிசேக்கோவில் நாள் முழுக்கக் கொட்டும்போது சித்தோசேயில் பெரும்பாலும் வெயில்கூட அடிக்கும். ஆனால் தாழ்வழுத்தம் ஒன்று ஹொக்கைடோவுக்குத் தெற்கே கடந்தால் ஓடுபாதையில் பனி, மலையில் ஒன்றும் பெரிதாக இருக்காது. நிசேக்கோவுக்கு மட்டும் முன்கணிப்பு பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

2016 டிசம்பர் 22, 23, 24 தேதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஹொக்கைடோவின் தலைநகர் சப்போரோவில் பனி 96 செ.மீ. வரை ஏறியது. டிசம்பரில் அவ்வளவு பனி 50 ஆண்டுகளில் இல்லை. விமானங்கள் வரிசையாக ரத்து. ஆயிரக்கணக்கானோர் நியூ சித்தோசே முனையத்துக்குள்ளேயே ராத்திரியைக் கழித்தார்கள். 2022 பிப்ரவரி 6ஆம் தேதி சப்போரோவில் 24 மணி நேரத்தில் 60 செ.மீ., சப்போரோ ரயில்களெல்லாம் நின்றுபோயின. இதெல்லாம் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் சின்ன அளவில், சாலையை மூன்று மணி நேரம் மூடுவது, பேருந்து இரண்டு மணி நேரம் தாமதிப்பது, இதெல்லாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாதாரணம்.

நிசேக்கோவிலிருந்து விமான நிலையத்துக்கு நல்ல நாளிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம். எந்த வழியில் வந்தாலும் ஒரு மலைக்கணவாயைத் தாண்டியாக வேண்டும். சப்போரோ பக்கம் போகும் நக்காயாமா கணவாய் சுமார் 835 மீட்டர். காற்று விழுந்த பனியைக் கிளப்பிவிட்டால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. ஓட்டுநர் வண்டியை ஊர விடுவார், உள்ளே யாரும் பேசமாட்டார்கள். அதை இருட்டில், 4 மணிக்கு, பனியள்ளும் வண்டி முழுச் சுற்று வருவதற்குள், மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, 10 மணி விமானத்துக்காகச் செய்ய வேண்டுமா? போகிற நாளில் தாமதமானால் ஓர் அரைநாள் விளையாட்டு போகும், அவ்வளவுதான். திரும்புகிற நாளில் தாமதமானால் ஐந்து டிக்கெட்.

என் குழுவாக இருந்தால் கடைசி ராத்திரியை நிசேக்கோவில் வைக்கவே மாட்டேன். திங்கள் பகல் வெளிச்சத்தில் மலையிறங்கி, சித்தோசே ஊரிலோ விமான நிலையத்தை ஒட்டியோ படுத்துக்கொள்வேன்.

பிறைக்கரை – புதன், இரவு 8:50

தம்பி, நீங்கள் சொன்னதுபோல் பொடி எழுத்தைப் பார்த்தேன். 70 காட்டுவது "உச்சி, 1,200 மீட்டர்". 28 காட்டுவது அடிவாரம்! இத்தனை நாள் என் கண்ணில் படவேயில்லை.

வேன் விஷயம் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. வேன்காரர், "எப்படியும் போய்ச் சேர்த்துவிடுவோம்" என்று செய்தி அனுப்பியிருந்தார், நாங்களும் நம்பிவிட்டோம். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. சரி, அப்படியே ஃபுரானோவுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை போகுமா?

பாயான் பாரு இஞ்சினியர் – புதன், இரவு 9:31

நாங்கள் போனது ஃபுரானோவுக்கு. சறுக்க அருமையான இடம், கூட்டம் குறைவு. ஆனால் விமான நிலையத்திலிருந்து தூரம் கிட்டத்தட்ட நிசேக்கோ அளவுதான், வழியில் மலையும் உண்டு. கடைசி நாள் கவலை எங்களுக்கும் இருந்தது. இன்னொன்று, அங்கே காலையில் மைனஸ் 20 வரை போகும். வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் அதையும் யோசியுங்கள். என் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே பொழுதைப் போக்கினார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பயணி – வியாழன், இரவு 11:20

இஞ்சினியர் சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். மாற்ற வேண்டாம். வகுப்புக்குக் கட்டிய பணமும் போகும், கவலை மட்டும் கூடவே வரும்.

இன்றைக்கு மாலை படம் பார்த்தேன். வியாழன் காலை நீங்கள் இறங்கும் சமயம் ஜப்பான் கடல்மேல் ஒரு தாழ்வழுத்தம் கிழக்கே நகர்வதாக ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் காட்டுகின்றன. ஆறேழு மணி நேரம் முன்பின் ஆகலாம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே. இப்படி ஒன்று கடக்கும்போது வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் தெற்குக் காற்று, வெப்பநிலை ஏறும், அடிவாரத்தில் பனி நனைந்து கனமாக விழும், ஜாக்கெட் ஈரமாகும். தாழ்வழுத்தம் தாண்டியதும் காற்று வடமேற்குக்குத் திரும்பும், வெப்பநிலை மளமளவென்று இறங்கும், நல்ல பனி தொடங்கும், கூடவே பலத்த காற்றும் வரும். மேல் லிஃப்ட்டுகள் நிற்பது அந்தக் கட்டத்தில். உச்சியில் விநாடிக்கு 15 மீட்டர் தாண்டும் என்று வந்தால் என் குழுவிடம் அன்றைக்கு மேலே போகும் எண்ணத்தையே விட்டுவிடச் சொல்வேன். காற்று அடங்கிக் குளிர் மட்டும் மிஞ்சும் அடுத்த நாள்தான் எல்லாரும் காத்திருக்கும் நாள். படம் இப்படியே நின்றால் உங்களுக்கு அது சனிக்கிழமை. வகுப்பு எந்த நாளில் கட்டியிருக்கிறீர்கள்? வெள்ளி என்றால் சனிக்கு மாற்றமுடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை வாக்கில் கேளுங்கள், இப்போதே வேண்டாம்.

மணிக்கு ஒருதரம் ஆப்பைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நம் நேரம் காலை 8 மணித் தரவில் ஓடும் ஐரோப்பிய மாடல் பிற்பகலில்தான் வந்து சேரும். ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒரு தடவை பார்த்தால் போதும். புதன்கிழமை விமானம் ஏறும்முன் ஜப்பான் வானிலை ஆய்வு நிலையத்தின் பக்கத்தில் குட்சான் ஊரின் அளவைப் பாருங்கள், நிசேக்கோவுக்குப் பக்கத்து ஊர். அங்கே தரையில் எத்தனை செ.மீ. கிடக்கிறது என்று மணிக்கு மணி வரும். அது கணிப்பு இல்லை, அளந்தது. அதே இடத்தில் அடுத்த ஆறு மணி நேரப் பனிக்கு ஒரு வரைபடமும் இருக்கும். பேருந்து ஏறலாமா என்று முடிவுசெய்ய வியாழன் காலையில் அதுதான் கைகொடுக்கும்.

பிறைக்கரை – வெள்ளி, மாலை 6:12

முடிவு: நிசேக்கோதான். நான்கு ராத்திரி அங்கே. ஐந்தாவதை ரத்து செய்து சித்தோசே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துவிட்டோம், 380 ரிங்கிட் கூடுதல். வேனையும் நிறுத்தியாயிற்று. அவர் முன்பணத்தைத் தரமாட்டாராம், போகட்டும். வகுப்பு வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திங்கள் பேருந்துக்குக் காலை 9 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி என்று மூன்று நேரம் காட்டுகிறது. பிள்ளைகள் 5 மணிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எது எடுப்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ் பயணி – வெள்ளி, இரவு 7:40

ஒரு மணி. அங்கே இந்த மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு மணி பேருந்து சாலை மூடலில் சிக்கினாலும் அன்றைக்கே போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கும், 5 மணி பேருந்துக்கு அந்த வசதி இல்லை. வார இறுதிப் படத்தில் திங்கட்கிழமை தெற்கே தாழ்வழுத்தம் ஏதாவது தெரிந்தால் 9 மணிக்கு மாற்றிவிடுங்கள். இருக்கை சீக்கிரம் தீரும், இன்று ராத்திரியே போட்டுவைப்பது நல்லது.